எத்துறையில் இறங்குவது?

ஆற்றில் நீராட விரும்புகின்றவன் அவ்வாறு தோன்றும் மலையைத் தேடிப் புறப்படுவதில்லை. பக்கத்திலே படித்துறை எங்கே இருக்கிறது என்று வினவி, அங்கே இறங்குகின்றான். பல்லாண்டுகள் தொடர்ந்து நடந்த ஒரு தொடர்நாடகத்தைக் காணப் புகுவோருக்கும் இந்த எளிய நெறி பொருந்தும் என்பது என் கருத்து. பி.பி.ஸி. நிறுவனம் 1963 முதல் 1989 வரை 26 பருவங்களாக டெலிவிஷனில் அளித்த 'டாக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரை எங்கிருந்து காணத் தொடங்குவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இது வீண் கேள்வி அன்று. அத்தொடரில் ஏறத்தாழ 700 பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 25 நிமிடம் நடப்பது. நாளொன்றுக்கு ஒன்றாகக் கண்டாலும் முடிப்பதற்கு இரண்டு ஆண்டுகள் ஆகிவிடும். இதனை அறியாத ஒருவர், 'முதலிலிருந்து வரிசையாகக் காண்பதே முறை' என்று நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு, ஆர்வத்தோடு தொடங்குகின்றார். பத்துப் பதினைந்து நாளில் சலித்துக் கைவிடுகின்றார். பின்னர் ஒருபோதும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. நல்ல பொருள் ஒன்று, புகும் வழி தவறியதனாலேயே பலருக்கு எட்டாமற் போகிறது.

கதையின் அடிப்படை மிக எளியது. 'டாக்டர்' என்று மட்டும் அழைக்கப்பெறும் ஒருவர். நம் உலகத்தைச் சேர்ந்தவர் அல்லர். காலத்தையும் வெளியையும் ஒருங்கே கடந்து செல்லும் ஊர்தி ஒன்று அவரிடம் இருக்கிறது. அதன் பெயர் 'டார்டிஸ்'. வெளித் தோற்றத்தில் அது, அந்நாளில் லண்டன் தெருக்களில் போலீஸாருடன் தொலைபேசியிற் பேசுவதற்காக நிறுத்தப்பட்டிருந்த நீலப் பெட்டியே. கதவைத் திறந்து உள்ளே சென்றாலோ, பெரிய கூடம்! மானிடத் தோழர் ஓரிருவருடன் அவர் இறங்குமிடமெல்லாம் ஏதேனும் இடர் காத்திருக்கும். இவ்வளவு தெரிந்தாற் போதும்.

முதற் பகுதி 1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், சனிக்கிழமை மாலை ஒளிபரப்பாயிற்று. அதற்கு முந்தைய நாளே அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். உலகமே துயரச் செய்தியில் ஆழ்ந்திருந்த வேளையில் இச்சிறு நாடகத்தைக் கண்டவர் எத்தனை பேர் இருக்க முடியும்? அதனால் அடுத்த சனிக்கிழமை இரண்டாம் பகுதிக்கு முன்னால் முதற் பகுதியை மறுபடியும் காட்டினர். தொடரைத் திட்டமிட்டவர்களில் தலையாயவர், கனடா நாட்டிலிருந்து வந்து பி.பி.ஸி.யின் நாடகப் பகுதிக்குத் தலைமை ஏற்றிருந்த ஸிட்னி நியூமன். தயாரிப்புப் பொறுப்பை அவர் வெரிட்டி லாம்பர்ட் என்னும் பெண்மணியிடம் ஒப்படைத்தார். அம்மையாருக்கு அப்பொழுது 28 வயது நிரம்பவில்லை. முதற் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் நம் இலட்சுமணபுரியில், அதாவது லக்னோவில், 1938-இல் பிறந்தவர். இளைஞர்களின் கையில் பிறந்த நாடகம் என்பதை அந்த முதல் 25 நிமிடங்களே காட்டிவிடும்.

மாணவி ஒருத்தியின் போக்கு விளங்காமல், வரலாற்று ஆசிரியை ஒருவரும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும் அவளைப் பின்தொடர்கின்றனர். பழைய சாமான்கள் குவிந்த கிடங்கு ஒன்றில் அந்தப் பெட்டி நிற்கிறது. உள்ளே அடியெடுத்து வைக்கும் நொடியில் அவர்கள் அடையும் திகைப்பு இன்றும் பழையதாகவில்லை. இந்த ஒரு பகுதியை அனைவரும் காணவேண்டும் என்பேன். ஆனால் அதனோடு நிறுத்திக்கொள்க என்றும் சொல்வேன். எஞ்சிய மூன்று பகுதிகளில் கற்கால மனிதர் நெருப்புக்காகப் பூசலிட்டுக்கொண்டே இருக்கின்றனர்; பொறுமையைச் சோதிக்கும் பூசல் அது.

மேலும், வரிசையாகச் செல்வோருக்கு வேறொரு பெருந்தடை உண்டு. இரண்டாவது கதை 'தி டாலெக்ஸ்' ஏழு பகுதிகள் கொண்டது. மூன்றாவது, ஊர்திக்கு உள்ளேயே நடந்து இரண்டே பகுதிகளில் முடிவது. நான்காவது 'மார்க்கோ போலோ'. இதுவும் ஏழு பகுதி. ஆனால் ஏழில் ஒன்றுகூட இன்று படமாக இல்லை! அக்காலத்தில் ஒளிப்பதிவு நாடாவின் விலை மிகுதி. அழித்து மறுபடியும் பயன்படுத்தலாம். நடிகர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி பழைய நாடகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டவும் இயலாது. பின்னர் வண்ண ஒளிபரப்பு வந்ததும் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கேட்பாரில்லை. ஆகவே அழித்துவிட்டனர். முதல் ஆறு பருவங்களில் எடுத்த 253 பகுதிகளில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இவ்வாறு போயின. அயல்நாடுகளுக்கு விற்ற பிலிம் பிரதிகள் சில, ஹாங்காங்கிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் பிற்காலத்திற் கிடைத்தன. நைஜீரியாவிற் கிடைத்தவற்றை 2013-இல் உலகுக்கு அறிவித்தபொழுது, புதையல் எடுத்தவரைப் போல ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். எனினும் இடைவெளிகள் இடைவெளிகளே. ஊற்றிலிருந்து நடக்கத் தொடங்கியவன் நாலாம் நாளே வறண்ட மணலை மிதிக்கவேண்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு. 2023 நவம்பரில் பி.பி.ஸி. தன் இணையச் சேவையில் இத்தொடரின் பெரும்பகுதியை ஒருங்கே திறந்துவைத்தது. அப்பொழுது, உரிமை பற்றிய பிணக்கின் காரணமாக, முதற் கதை மட்டும் அதிற் சேரவில்லை. தலைவாயிலே அடைபட்ட மாளிகை!

ஆனால் இதனால் நாம் இழப்பது பெரிதன்று. ஏனெனில் இத்தொடர் வரிசையாகக் காண்போருக்கென்று இயற்றப்பட்டதே அன்று. அந்நாளில் வீட்டிலே படத்தைப் பதிந்துவைக்கும் வசதி இல்லை. ஒரு சனிக்கிழமை தவறினால் தவறியதுதான். ஒவ்வொரு வாரமும் எங்கோ ஒரு குழந்தை முதன்முதலாக வந்து அமரும் என்பதை ஆசிரியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அக்குழந்தைக்கும் விளங்குமாறு எழுதினார்கள். அதுமட்டுமா? முதலில் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் உடல் நலிவுற்ற நிலையில், 1966 அக்டோபர் 29-ஆம் நாள் ஒளிபரப்பான பகுதியில் ஓர் அரிய உத்தியைக் கையாண்டனர். டாக்டர் தரையில் வீழ்கின்றார், உருவம் மாறுகிறது, பாட்ரிக் டிரௌட்டன் என்னும் வேறொரு நடிகர் அதே டாக்டராக எழுகின்றார். கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பெரிய புதுமையாகத் தோன்றாது. ஆனால் ஒரு தொடரின் ஆயுளையே நீட்டிய சூழ்ச்சி அது. 1989-க்குள் ஏழு பேர் அவ்வுருவை ஏற்றனர். ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய படித்துறை.

அவற்றுள் பலரும் சுட்டுவது 1970 ஜனவரியில் வந்த 'ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்'. வண்ணத்தில் வந்த முதற் கதை இதுவே. புதிய டாக்டர் ஜான் பெர்ட்வீ, புதிய தோழி, கடைச் சாளரத்தில் ஆடை அணிந்து நின்ற பொம்மைகள் உயிர் பெற்றுத் தெருவில் இறங்கி மக்களைக் கொல்லும் காட்சியை ஒரு தலைமுறை மறக்கவில்லை. நல்ல துறைதான். ஆயினும் ஒரு குறை. அப்பொழுது டாக்டர் தண்டனை பெற்றுப் பூமியிலேயே முடங்கிக் கிடக்கின்றார். காலப் பயணத்தைக் காண வந்தவருக்கு அது கிட்டாது.

1979-இல் வந்த 'சிட்டி ஆஃப் டெத்' என்பதை வேறு சிலர் கூறுவர். பாரிஸ் நகருக்கே சென்று எடுத்தது. டக்ளஸ் ஆடம்ஸின் நகைச்சுவை ததும்புவது. மோனா லிஸா ஓவியத்தை வைத்துப் பின்னிய கதை. போட்டி நிலையமான ஐ.டி.வி. வேலைநிறுத்தத்தால் வாய்மூடிக் கிடந்தமையால் அதன் இறுதிப் பகுதியை 1 கோடி 60 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கண்டனர். எனக்கும் மிக விருப்பமான கதை. எனினும் தொடக்கமாக அதனைச் சொல்லமாட்டேன். கச்சேரியின் இறுதியில் பாடும் துக்கடாவின் இனிமை, முன்னே இராகத்தை விரிவாகக் கேட்டு அமர்ந்திருந்தவனுக்கே முழுமையாகக் கிட்டும். மரபை அறிந்தவர் அம்மரபோடு ஆடும் விளையாட்டு அது.

நான் காட்டும் துறை 1977-இல் நான்கு பகுதிகளாக வந்த 'தி ரோபாட்ஸ் ஆஃப் டெத்'. எழுதியவர் கிறிஸ் பௌச்சர். டாக்டராக நடித்தவர் டாம் பேக்கர். நீண்ட கழுத்துத் துணியும் சுருண்ட முடியும் அகன்ற விழியுமாக ஏழு ஆண்டுகள் இப்பாத்திரத்தை ஏற்ற பெருமை அவருக்கு உண்டு. அவரினும் நெடுங்காலம் தொடர்ந்து நடித்தவர் இல்லை. உடன் வருபவள் லீலா. காட்டுக் குடியிற் பிறந்த வேட்டுவப் பெண். தொடக்கத்திலேயே அவள், ஊர்தி வெளியே சிறிதாகவும் உள்ளே பெரிதாகவும் இருப்பது எப்படி என்று கேட்கின்றாள். டாக்டர் இரண்டு பெட்டிகளை எடுக்கின்றார். பெரியதைத் தொலைவில் வைத்துச் சிறியதை அவள் கண்ணெதிரே பிடித்து, எது பெரிது என்று வினவுகின்றார். தொலைவிலிருந்து சிறியதாகத் தோன்றும் பெட்டியை அதே தொலைவில் வைத்துக்கொண்டே இங்கும் இருக்கச் செய்ய முடியுமானால், பெரியது சிறியதற்குள் அடங்கிவிடும் என்கின்றார். லீலா அதனை நம்புவதாக இல்லை. புதிதாக வந்த நாமும் நம்பவில்லை. ஆனால் சொன்ன விதத்தை ரசித்துவிட்டோம். புதியவருக்குப் பாடம் முடிந்தது!

கதை நிகழுமிடம் ஒரு பாலைவனம். மணற்புயலில் கலந்து வரும் கனிப்பொருள்களைச் சலித்தெடுக்கும் பிரம்மாண்டமான சுரங்க ஊர்தி அதில் ஊர்ந்து செல்கிறது. அதில் மனிதர் மிகச் சிலர்; வேலை செய்யும் இயந்திர மனிதரோ மிகப் பலர். சிற்பி செதுக்கியன போன்ற அழகிய, அசைவற்ற முகங்கள்; கோபமும் அறியாத மெல்லிய குரல். எசமானர்களாகிய மனிதர் பட்டாடை உடுத்து, முகத்துக்கு வண்ணம் தீட்டி, இருக்கையிற் சாய்ந்து பொழுதைப் போக்குகின்றனர். அப்பொழுது ஒருவர் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடக்கின்றார். பின்னர் இன்னொருவர். ஒருவரையொருவர் ஐயுறுகின்றனர், வந்திறங்கிய அயலார் இருவரையும் ஐயுறுகின்றனர். இயந்திர ஏவலரை மட்டும் எவரும் ஐயுறவில்லை. அவர்கள் கொல்லமாட்டார்கள் என்பது அந்த நாகரிகம் முழுவதையும் தாங்கி நிற்கும் தூண். அத்தூண் அசைந்தால் எஞ்சுவது என்ன?

இக்கதையின் வலிமை அந்தக் கேள்வியில் இருக்கிறது. உயிருள்ளவர் ஒருவர் உடலில் இயல்பாகத் தோன்றும் சிற்றசைவுகளைக் கொண்டே நாம் ஒருவரையொருவர் அறிகின்றோம். அவ்வசைவுகள் இல்லாத உருவங்களிடையே நெடுநாள் வாழ்ந்தால், நடக்கும் பிணங்களிடையே வாழ்வதுபோல மனம் பேதலிக்கும் என்று டாக்டர் விளக்குகின்றார். வேட்டையில் விலங்கின் அசைவையும் மனிதனின் அசைவையும் கூர்ந்து நோக்கிப் பழகிய லீலாவுக்கு, நூலறிவு இல்லாமலே அது தெரிகிறது. அங்குள்ள கற்றவர்களுக்குத் தெரியவில்லை. கொலைகளுக்குப் பின்னே நிற்பவர் யாரென்பதை நான் சொல்லப்போவதில்லை. அந்த இன்பம் காண்போருக்கே உரியது.

காணும் முறை பற்றியும் ஒரு சொல். மாலைக்கு ஒரு பகுதியாகவே காண்க. ஒவ்வொன்றும் ஓர் ஆபத்தின் விளிம்பில் நிறுத்துகிறது. மறுநாள் வரையில் மனம் அங்கேயே தொங்கவேண்டும் என்றே அவ்வாறு அமைத்தனர். நான்கையும் ஒரே மூச்சில் காண்பவருக்கு, தாழ்வாரங்களில் ஓடுவதும் பிடிபடுவதும் தப்புவதுமே மிகுதியாகத் தோன்றும். காட்சி அமைப்பின் எளிமை கண்டும் நகைக்க வேண்டா. குறைந்த பொருட்செலவில் அரங்கிலே எடுத்தவை அவை. நம் கூத்தில் கட்டியங்காரன் வாக்காலேயே காடும் அரண்மனையும் எழுகின்றன. சபையோர் மறுப்பதில்லை அன்றோ?

இதற்குப் பின் 1975-இல் வந்த 'ஜெனிஸிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்' என்னும் ஆறு பகுதிக் கதையைக் காணலாம். பேரழிவு செய்யப்போகும் ஓர் இனத்தைப் பிறக்கும்பொழுதே அழிக்கும் வாய்ப்பு டாக்டருக்குக் கிடைக்கிறது. இரண்டு கம்பி முனைகளை ஒட்டவைத்தாற் போதும். அவர் தயங்குகின்றார். அத்தயக்கம் முறையானதா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு.

பிறகு பழமைக்குத் திரும்பி, 1964-இல் வந்த 'தி ஆஸ்டெக்ஸ்'. அதன் நான்கு பகுதிகளும் பழுதின்றி உள்ளன. மெக்ஸிகோவின் பழங்குடி நாகரிகத்தில் வந்திறங்கிய வரலாற்று ஆசிரியை பார்பராவை மக்கள் தெய்வமாகக் கொள்கின்றனர். நரபலியை ஒழித்துவிட்டால் இம்மக்கள் பிழைப்பர் என்று அவர் துணிகின்றார். நடந்து முடிந்த வரலாற்றின் ஒரு வரியையும் மாற்றலாகாது என்று டாக்டர் தடுக்கின்றார். பார்பரா தோற்கின்றார். ஆயினும் ஒரு குருவின் நெஞ்சில் ஐயத்தை விதைத்துவிடுகின்றார். அவர் தம் செல்வத்தையும் பதவியையும் துறந்து தனியே செல்கின்றார். இயந்திரமும் அசுரரும் இல்லாத இக்கதை, ஜாக்குலின் ஹில் என்னும் நடிகையின் திறத்தாலேயே நிற்கிறது. 2005-இல் புத்துயிர் பெற்ற தொடர் வேறு கணக்கு. அதில் ஈடுபட விரும்புவோர் 2005-ஆம் ஆண்டின் முதற் பகுதியிலேயே தொடங்கலாம், சிக்கல் இல்லை.

வானொலிக் கேட்போராகிய நமக்கு உரிய ஒரு செய்தியும் உண்டு. அழிந்த பகுதிகளின் படங்களே போயின, ஒலி போகவில்லை. அக்காலச் சிறுவர் சிலர் டெலிவிஷன் பெட்டியின் அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, ஒவ்வொரு வாரமும் நாடாவிற் பதிந்துவைத்தனர். அவர்களின் முயற்சியால் அழிந்த பகுதி ஒவ்வொன்றின் ஒலியும் இன்று கிடைக்கிறது. தொடரின் முகப்பு இசையும் ஒலிநாடாவின் குழந்தையே. ரான் கிரெய்னர் இயற்றிய மெட்டை, பி.பி.ஸி.யின் ஒலிப் பட்டறையில் டெலியா டெர்பிஷயர் என்னும் பெண்மணி, வாத்தியக் குழு எதுவும் இன்றி, நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியே 1963-இல் உருவாக்கினார்.

ஆகவே, இரண்டு மூன்று கதைகளைக் கண்டு பழகியபின், லக்னோவிற் பிறந்த அதே வாரிஸ் ஹுசேன் பெரும்பாலும் இயக்கிய 'மார்க்கோ போலோ'வைக் கேட்டுப் பாருங்கள். கோபிப் பாலைவனத்தின் இரவு, இரண்டு சிறுமிகள் கூடாரத்தை விட்டு வெளியே நடந்துவிட்டார்கள், மணற்புயல் எழுகிறது. அம்மணல் பல குரல்களில் அலறுவது போன்ற ஓசை மட்டும் நமக்கு எஞ்சியிருக்கிறது.