ரஜூலா என்றொரு கப்பல்

(மும்பையில் நடந்த கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

"சார், நீங்க சயன்ஸ் படிச்சவர், ஏதாவது பேசுங்களேன்" என்று நமது காரியதரிசி கேட்டுக்கொண்டார். அணுவைப் பற்றியோ ஆகாசத்தைப் பற்றியோ எதிர்பார்த்திருப்பார் போலும். நான் ஒரு பழைய நீராவிக் கப்பலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பெயரைச் சொன்னாலே போதும்: எஸ்.எஸ். ரஜூலா.

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்காக 1926-ல் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டது. சுமார் 8,500 டன். சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிளாங்), சிங்கப்பூர் என்று போய்த் திரும்பும். காபின்களில் நூற்றிச் சொச்சம் பேர். டெக்கில், அதாவது தளத்தில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள், 5,113 பேர் வரை ஏற்றலாம் என்று அனுமதி.

இந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டைட்டானிக் 46,000 டன் கப்பல். அது மூழ்கியபோது அதில் இருந்தவர்கள், சிப்பந்திகளையும் சேர்த்து, சுமார் 2,200 பேர்தான். அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத ரஜூலாவில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே ஏற்றலாம்! சர்க்கார் உத்தியோகத்தில் அனுமதிப் பத்திரங்களோடு காலம் கழித்தவன் நான். ஒரு எண்ணைப் பார்த்தால், அதை எழுதியவர் மனிதனுக்கு எத்தனை சதுர அடி என்று நினைத்தார் என்பது தெரிந்துவிடும்.

இயந்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மூன்று கட்டமாக நீராவி விரிவடையும் பிஸ்டன் இயந்திரம் அது. கொதிகலனிலிருந்து வரும் ஆவி முதலில் சிறிய சிலிண்டரில் வேலை செய்கிறது. அழுத்தம் குறைந்து கனபரிமாணம் பெருகிவிட்ட அதே ஆவி அடுத்து ஒரு பெரிய சிலிண்டருக்கும், பிறகு அதைவிடப் பெரிய மூன்றாவதற்கும் போகிறது. ஒரே கரும்பை மூன்று தரம் பிழிகிற மாதிரி. கடைசியில் கடல்நீரால் குளிர வைத்துத் தண்ணீராக்கி மறுபடி கொதிகலனுக்கே அனுப்புவார்கள். கடல்நீரையே கொதிகலனில் விட்டால் உப்புப் படிந்து கெட்டுவிடும். வேகம் மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல் மைல். சென்னைக்கும் பினாங்குக்கும் சுமார் 1,300 கடல் மைல்; நாலு நாளுக்கு மேலே ஆகும்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தள்ளித்தான் நங்கூரம் போடும். மூட்டை, குழந்தை, தகரப்பெட்டி எல்லாவற்றோடும் படகில் போய் ஏறவேண்டும். போனவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்கள், கங்காணி ஊருக்கு வந்து சேர்த்துக்கொண்டு போனவர்கள். அவர்களில் நம் மிராசு நிலங்களில் உழைத்துவிட்டு அரை வயிறு சாப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். மலாயா ஆசை காட்டி இழுத்தது என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அக்கரையில் இறங்கியதும் டெக் பிரயாணிகளைத் தனிமை முகாமில் வைப்பார்கள். பினாங்கு அருகே ஜெரஜாக் தீவு, சிங்கப்பூரில் செயின்ட் ஜான் தீவு.

சரக்கும் உண்டு. இங்கிருந்து வெங்காயம், மிளகாய், கைலி. அங்கிருந்து கொட்டைப்பாக்கு. திரும்பி வருகிறவர்கள் பெட்டியில் கோடாலித் தைலம் கட்டாயம் இருக்கும்.

1938-ல் இந்திய சர்க்கார், உதவிப் பணத்தில் மலாயாவுக்குக் கூலியாட்கள் போவதைத் தடை செய்தது. பிறகு யுத்தம் வந்தது. ரஜூலா துருப்புக் கப்பலாயிற்று. அதன் உடன்பிறப்பு ரோனா. அதுவும் 1926-ல் கட்டியது, இதே தடத்தில் ஓடியது. 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியாக் கரைக்கு அப்பால் ஜெர்மானிய விமானம் ஒன்று விட்ட குண்டு ரோனாவைத் தாக்கியது. சாதாரணக் குண்டு அல்ல. ரேடியோ மூலம் திசை திருப்பக்கூடியது, இன்றைய ஏவுகணைகளுக்கு மூதாதை. அமெரிக்கத் துருப்புகளில் 1,015 பேர் மாண்டார்கள். ரகசியம் கருதிப் பல வருஷங்கள் வெளியே பேசவில்லை. 1996-ல் அலபாமா மாநிலத்தில் அவர்களுக்கு நினைவுக்கல் வைத்தார்கள். அதே கப்பலின் சிப்பந்திகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். அடுப்படியில் நின்றவர்கள், கயிறு இழுத்தவர்கள். அவர்களை இங்கே எத்தனை பேர் அறிவோம்?

ரஜூலா தப்பிப் பிழைத்துப் பழைய தடத்துக்கே திரும்பியது. ஆனால் 1953 முதல் மலாயாவில் குடியேற்றச் சட்டம் இறுகிவிட்டது. கூலியாட்கள் கூட்டமாகப் போவது நின்று, வியாபாரிகளும் குடும்பத்தைப் பார்க்கப் போகிறவர்களும் பிரயாணம் செய்தார்கள். டெக் பிரயாணிகள் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைக்கப்பட்டது.

1969-க்குப் பிறகு மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதியைக் கடுமையாக அமல் செய்தார்கள். தோட்டத்திலேயே ஆயுசைக் கழித்த பல்லாயிரம் தமிழர்கள் ஊர் திரும்ப நேர்ந்தது. அப்போது நான் பி.எஸ்ஸி. மாணவன். எங்கள் கிராமத்தில் பண்ணை வேலை பார்த்த ஒருவரின் அண்ணா ரஜூலாவில் வருகிறார் என்று, படிக்கத் தெரிந்தவன் கூட வேண்டும் என்பதற்காக என்னையும் நாகப்பட்டினத்துக்கு அழைத்துப் போனார்கள். சிறு பையனாக அப்பாவோடு இதே கப்பலில் போனவராம். அறுபதை நெருங்கும் வயது மாதிரித் தெரிந்தது; நாற்பத்தைந்துதான். சிவப்பு அடையாள அட்டை ஒன்றை மேல்துண்டில் முடிந்து வைத்திருந்தார். பிள்ளைகள் தங்களுக்குள் மலாய் பேசிக்கொண்டன. சுங்கத்தில் படிவம் பூர்த்தி செய்தபோது "சொந்த ஊர்" என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அவர் தம்பி முகத்தைப் பார்த்தார். தம்பி எங்கள் கிராமத்தின் பெயரைச் சொன்னார், எழுதினேன்.

1973-ல் இந்தியக் கப்பல் கழகம் ரஜூலாவை வாங்கி, அந்தமானில் உள்ள ஊரின் பெயரால் ரங்கத் என்று பெயர் மாற்றியது. ஆனால் வயசு நாற்பத்தேழு ஆகிவிட்டது. மறு வருஷமே இதே பம்பாயில் உடைத்துவிட்டார்கள். பின்னால் அந்தத் தடத்தில் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் மாண்டதோடு, சிங்கப்பூருக்குக் கப்பலில் போகும் வழக்கமே போயிற்று.

நமது பத்திரிகை பல ஊர்களுக்குப் போகிறது. அதனால் ஒரு வேண்டுகோள். காபினில் போனவர்களுக்கு ஆல்பம் இருக்கும். டெக்கில் போனவர்களுக்குப் பழைய பாஸ்போர்ட், அம்மைக் குத்திய சர்ட்டிபிகேட், டிக்கெட் துண்டு இவ்வளவுதான் சாட்சி. உங்கள் வீட்டிலோ, உங்கள் வீட்டில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்திலோ அப்படி ஒன்று இருந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். இருப்பவர்களிடம் கேட்டு, யார், எந்த வருஷம், எந்தத் தோட்டம் என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.