கணக்குக் கேட்பது அவமதிப்பல்ல!



1762-ல் லண்டனில் தொடங்கப்பட்ட பேரிங்ஸ் வங்கி, 1995 பிப்ரவரியில் திவாலானது. இங்கிலாந்து மகாராணியே வாடிக்கையாளராக இருந்த வங்கி! இருநூறு ஆண்டுப் பெருமையைச் சாய்த்தவர் யார்? அதன் சிங்கப்பூர் கிளையில் பணியாற்றிய நிக் லீசன் என்ற 28 வயது இளைஞர்.

ஊக வணிகத்தில் ஏற்பட்ட நஷ்டத்தை 88888 என்ற கணக்கில் 1992 முதல் அவர் மறைத்து வந்தார். இறுதியில் நஷ்டம் 82 கோடி பவுண்டைத் தாண்டியது.

ஒரு தனிமனிதரால் இது எப்படி முடிந்தது? வியாபாரம் செய்தவரும் அவரே. அதன் கணக்கை முடித்துச் சரிபார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பாளரும் அவரே! வேலியே பயிரை மேய்ந்தது. இவ்விரு பொறுப்புகளும் ஒருவரிடம் இருப்பது ஆபத்து என்று 1994-லேயே வங்கியின் உள்தணிக்கை எச்சரித்தது. மேலிடம் அதைச் செயல்படுத்தவில்லை. அவர் காட்டிய போலி லாபம் அவர்களுக்கு இனித்தது. 'இவ்வளவு லாபம் எப்படி வந்தது?' என்று துருவிக் கேட்க மனம் வரவில்லை.

முடிவு? டச்சு நிறுவனமான ஐஎன்ஜி, அந்த வங்கியை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. லீசன் சிறைக்குச் சென்றார்.

சிந்தித்துப் பாருங்கள்! அந்த வங்கி எச்சரிப்பார் இல்லாமல் வீழவில்லை. எச்சரிக்கையை மதிப்பார் இல்லாமல் வீழ்ந்தது.

கூட்டு வியாபாரமோ, அறக்கட்டளையோ, எதில் நீங்கள் பொறுப்பில் இருந்தாலும் பணத்தைக் கையாள்பவர் ஒருவராகவும், கணக்கைச் சரிபார்ப்பவர் வேறொருவராகவும் இருக்கட்டும். 'நம்பிக்கையானவர்தானே' என்று விட்டுவிடாதீர்கள். லீசனையும் அப்படித்தான் நம்பினார்கள். கணக்குக் கேட்பது ஒருவரைச் சந்தேகிப்பதாகாது. நல்லவரை வீண்பழியிலிருந்து காப்பதும் அதுதான்!