தலையெழுத்தும் கணக்கும்

(சாத்தான்குளத்தில் பேசியதன் சுருக்கம்)



கணையப் புற்றுநோய்க்கு ரண சிகிச்சை செய்துகொண்டவர் எவ்வளவு காலம் இருப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதற்கொரு கூட்டமா என்பீர்கள். நம்மவர்களில் பலர் ஆயுளைப் பற்றிப் பயம் வந்ததும் முதலில் ஜோசியனிடம் போவதால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு. அதன் தலைப்பக்கத்தில் புற்று வந்தால் பித்தக்குழாய் அடைபட்டு, பல பேருக்கு வலியில்லாமலே காமாலை காணும். உடனே நாம் என்ன செய்கிறோம்? மந்திரிக்கிறோம், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறோம், இந்துவானால் திருச்செந்தூருக்கும், கிறிஸ்தவரானால் உவரி அந்தோணியாருக்கும் நேர்ந்துகொள்கிறோம். ஜோசியன் 'சனி விலகட்டும்' என்கிறான். சனி விலகுவதற்குள் புற்று ஈரலுக்குப் போய்விடுகிறது. நோய் தெரியும்போதே அறுத்தெடுக்கும் நிலையில் இருப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 20 பேர்தான். அப்படியிருக்க, வீணாக்கிய மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

'டாக்டரும் வருங்காலம் சொல்லுகிறாரே, அதுவும் ஜோசியந்தானே' என்று வைதீகர்கள் கேட்கலாம். டாக்டர் பிறந்த நேரத்தைக் கேட்பதில்லை. எடுத்த கட்டி எவ்வளவு பெரிது, பக்கத்து நெறிக்கட்டிகளில் பரவியதா, அறுத்த ஓரத்தில் மிச்சமுண்டா என்று பார்க்கிறார். முன்பு இதே நிலையில் இருந்தவர்கள் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்று ஒத்துப் பார்க்கிறார். 2004-ல் நியூயார்க்கிலுள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரி டாக்டர்கள் இவற்றுக்கெல்லாம் மார்க்குப் போட்டுக் கூட்டும் அட்டவணையொன்றை வெளியிட்டார்கள். மற்ற ஊர் டாக்டர்கள் அது சரிதானா என்று தங்கள் நோயாளிகளின் கணக்கை வைத்துச் சோதித்தார்கள். எந்தப் பஞ்சாங்கக்காரராவது இப்படிச் சோதனைக்கு உட்பட்டதுண்டா?

இனி, தலையெழுத்தைப் பார்ப்போம். 2002-ல் வெளியான அமெரிக்கக் கணக்கொன்றின்படி, கணைய ஆப்பரேஷனை மிக அபூர்வமாகச் செய்யும் ஆஸ்பத்திரிகளில் அதையொட்டி நூற்றுக்கு 16 பேர் இறந்தார்கள். மிக அதிகமாகச் செய்யும் ஆஸ்பத்திரிகளில் 4 பேர்கூட இல்லை. பிரம்மா என்ன, ஆஸ்பத்திரிப் பலகையைப் பார்த்துவிட்டா எழுதுகிறான்? பிரான்சிலும் கனடாவிலும் நடந்து 2018-ல் வெளியான சோதனையில், ஆப்பரேஷனுக்குப் பின் பழைய ஒற்றை மருந்து பெற்றவர்களில் பாதிப்பேர் 35 மாதம் தாண்டினார்கள். உடல்வலிவு அதே மாதிரியிருந்து புதிய நான்கு மருந்துக் கலவை பெற்றவர்களில் பாதிப்பேர் 54 மாதம் தாண்டினார்கள். எழுத்தை மாற்றியது பூஜையா, மருந்தா?

நம் நாட்டிலும் பாருங்கள். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், தன் தங்கை புற்றுநோயால் இறந்ததை விதியென்று விட்டுவிட்டிருந்தால், 1954-ல் அடையாற்றில் அந்த ஆஸ்பத்திரி ஏற்பட்டிருக்குமா?

ஆனால் தோழர்களே, கணக்கையும் கடவுளாக்கிவிடாதீர்கள். அது நூறு பேரைப் பற்றிய செய்தி. ஒருவருக்கு எழுதிய தீர்ப்பல்ல. அந்தச் செய்தி நோயாளிக்குச் சொந்தமானது. அதை அவரிடம் மறைத்து, அண்ணன் தம்பிகளிடம் மட்டும் இரகசியமாய்ச் சொல்லச் சொல்லுவது அன்பென்று நினைக்கிறோம். அது அவருடைய சுயமரியாதையைப் பறிப்பதேயாகும். தமது நிலம், கடன், பிள்ளைகள் சங்கதியை அவரே முடிவு செய்யட்டும்.

ஆகவே, காமாலை கண்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அன்றே போங்கள். ஆப்பரேஷன் வேண்டுமென்றால், 'இங்கே வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? எத்தனை பேர் பிழைக்கிறார்கள்? பிறகு என்ன மருந்து?' என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். ஜோசியனிடம் தட்சிணை வைத்துக் கேட்ட வாய், டாக்டரிடம் கேட்க ஏன் அஞ்ச வேண்டும்?