பூசணி சூப்பும் கண் பார்வையும்



இன்றைய பேச்சு மஞ்சள் பூசணிக்காயைப் பற்றியது. அதில் சூப் செய்வது எப்படி என்பதைப் பற்றியது.

சூப் என்றதும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். அது பெரிய ஓட்டலில் குடிப்பது என்று நினைக்கலாம். அப்படி இல்லை. காயை வேகவைத்து, மசித்து, வெந்த தண்ணீரோடு குடிப்பதுதான் சூப். ஒரு அடுப்பு, இரண்டு பாத்திரம், ஒரு மத்து. இவை இருந்தால் போதும்.

ஊருக்கு ஒரு பெயர்

மஞ்சள் பூசணிக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். பரங்கிக்காய் என்பார்கள். சர்க்கரைப் பூசணி என்பார்கள். கோவைப் பக்கம் அரசாணிக்காய். கேரளத்தில் மத்தங்கா. ஆந்திரத்தில் கும்மடிக்காய். வட இந்தியாவில் கத்து.

இது அமெரிக்காவில் பிறந்த கொடி. ஐரோப்பியர் கடல் வழியாக வந்த பிறகே இந்தியாவுக்கு வந்தது. இன்று ஏழை வீட்டுக் குப்பைமேட்டிலும் கூரையிலும் படர்கிறது. வெளிநாட்டில் பட்டர்நட் என்று ஒரு பூசணி உண்டு. அதில் செய்யும் சூப்புக்கு நல்ல பெயர். அதுவும் நம் ஊர்ப் பூசணியும் ஒரே இனம்தான்.

மாலைக்கண்

பொழுது சாய்கிறது. இன்னும் விளக்கு ஏற்றவில்லை. மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். ஒரு குழந்தை மட்டும் சுவரைத் தடவி நடக்கிறது. தட்டில் இருக்கும் சோற்றைத் தேடுகிறது. இது குறும்பு இல்லை. மாலைக்கண் நோயாக இருக்கலாம்.

உடம்பில் வைட்டமின் ஏ சத்து குறைந்தால் இந்த நோய் வரும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடலாம். இதைத் தடுக்க 1970-ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 9 மாதம் முடிந்த குழந்தைக்கு முதல் தடவை வைட்டமின் ஏ மருந்து கொடுப்பார்கள். பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பார்கள். இதைத் தவறவிடக் கூடாது.

மருந்து ஒரு பக்கம். சாப்பாடு மறு பக்கம். பூசணியின் மஞ்சள் நிறத்தில் ஒரு சத்து இருக்கிறது. அது நம் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது. கீரை, கேரட், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றிலும் அது உண்டு.

தேவையான பொருள்கள் (5 பேருக்கு)

பழுத்த மஞ்சள் பூசணி – அரை கிலோ
பாசிப்பருப்பு – 2 மேசைக்கரண்டி
வெங்காயம் – 1
பூண்டு – 4 பல்
இஞ்சி – சிறு துண்டு
சீரகம் – அரை தேக்கரண்டி
எண்ணெய் – 2 தேக்கரண்டி
காய்ச்சிய பால் – 1 தம்ளர்
தண்ணீர் – 3 தம்ளர்
மிளகுத்தூள், உப்பு – தேவையான அளவு

செய்முறை

காயை நறுக்கும் முன்பே கழுவுங்கள். நறுக்கிய பின் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். தோலை மெல்லியதாகச் சீவுங்கள். விதையை எறியாதீர்கள். கழுவிக் காயவைத்து வறுத்தால் பிள்ளைகள் கொறிப்பார்கள்.

பச்சைத் துண்டு ஒன்றை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிடுங்கள். அந்தக் காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். வேகவைத்தாலும் அந்தக் கசப்பு போகாது. வாந்தியும் பேதியும் வரும். காசு போகிறதே என்று பார்க்க வேண்டாம்.

பருப்பைக் கழுவி 3 தம்ளர் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் வேகவிடுங்கள். இன்னொரு பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றிச் சீரகம் போடுங்கள். அது பொரிந்ததும் வெங்காயம், பூண்டு, இஞ்சி போட்டு வதக்குங்கள். தீ குறைவாக இருக்கட்டும். பிறகு பூசணித் துண்டுகளைப் போட்டு ஐந்து நிமிடம் புரட்டுங்கள். இதில்தான் மணம் வரும்.

இப்போது பருப்பைத் தண்ணீரோடு இதில் ஊற்றுங்கள். மூடி போட்டு வேகவிடுங்கள். கரண்டியால் அழுத்தினால் துண்டு குழைய வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறக்கி மத்தால் நன்றாகக் கடையுங்கள். மிக்சியில் அரைப்பதானால் ஆறவிட்டு அரையுங்கள். சூடாக அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிவிடும். கை வெந்துபோகும்.

கடைந்ததை அடுப்பில் வைத்து, உப்பும் மிளகுத்தூளும் போட்டு ஒரு கொதி விடுங்கள். இறக்கிய பிறகு பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். பால் ஊற்றியபின் கொதிக்கவிட்டால் திரிந்துபோகலாம்.

சிலர் கேட்கும் கேள்விகள்

பால் இல்லாவிட்டால் என்ன செய்வது? தேங்காய்ப் பால் ஊற்றலாம். அதுவும் இல்லாவிட்டால் பருப்பை ஒரு பிடி கூட்டுங்கள். குழைந்த பருப்பே சூப்பைப் பாலாடை போல ஆக்கிவிடும்.

எண்ணெய் இல்லாமல் செய்யலாமா? வேண்டாம். மஞ்சள் நிறச் சத்து தண்ணீரில் கரையாது. கொழுப்பில்தான் கரையும். கொஞ்சம் எண்ணெய் இருந்தால்தான் அது உடம்பில் சேரும்.

கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா? ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும்தான். அதன்பின் வெந்த பூசணியையும் பருப்பையும் மிளகு, உப்பு போடாமல் மசித்துக் கொடுக்கலாம். தண்ணீராக இருக்கக் கூடாது. கரண்டியில் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீரான உணவு வயிற்றை நிரப்பும், பலம் தராது.

மாலைக்கண் வந்த குழந்தைக்குச் சூப் மட்டும் போதுமா? போதாது. தாமதம் செய்யாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சூப் நோய் வராமல் காக்க உதவும். வந்த நோய்க்கு மருந்து வேண்டும்.

கடைசியாக ஒன்று

பல வீடுகளில் சமைப்பவள் கடைசியில் சாப்பிடுகிறாள். பாத்திரத்தின் அடியில் ஒட்டியது அவளுக்கு. கர்ப்பமாக இருக்கும்போதும், பால் கொடுக்கும்போதும் அப்படித்தான். ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் மடியில் இருக்கும் குழந்தைக்கும் சத்து அவளிடமிருந்துதான் போக வேண்டும்.

ஆகவே தாய்மார்களே, சூப்பை இறக்கியதும் ஐந்து தம்ளர் எடுத்து வையுங்கள். எல்லாருக்கும் ஊற்றுங்கள். ஐந்தாவது தம்ளர் உங்களுடையது. அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். சூடாக இருக்கும்போதே குடியுங்கள்.