வலி மாத்திரையும் வாபஸான ஆராய்ச்சியும்

(தாம்பரத்தை அடுத்த கிராமம் ஒன்றில் தம்பதியர் கூட்டத்தில் பேசியது)



சித்தாள் வேலை முடித்து வீடு திரும்பும்போது முட்டி விண்விண்ணென்று தெறிக்கிறது. "ஏங்க, தாம்பரத்துலேர்ந்து வரும்போது மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிட்டு வாங்க" என்கிறீர்கள். அவரும் வாங்கி வருகிறார். பல்வலிக்கும் அதே மாத்திரைதான். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு மாத்திரை நல்லதா என்று டாக்டருக்கு எப்படித் தெரிகிறது? நோயாளிகள் பலருக்குக் கொடுத்துப் பார்த்து, கணக்கு எழுதி, மருத்துவப் பத்திரிகையில் போடுகிறார்கள். மற்ற டாக்டர்கள் அதைப் படித்து நடக்கிறார்கள். அந்தக் கணக்கே பொய்யானால்?

அப்படியும் நடந்திருக்கிறது. நார்வே நாட்டில் யோன் சுட்போ என்று ஒருவர். பல் வைத்தியமும் பொது வைத்தியமும் படித்தவர். வலி மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் புகை பிடிப்பவர்களுக்கு வாய்ப் புற்றுநோய் குறைகிறது என்று 2005-ல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். 908 பேரின் கணக்கு. விசாரித்தால் அத்தனையும் கற்பனை. அதில் 250 பேருக்கு ஒரே பிறந்த தேதி! ரேஷன் கார்டுக்கு இப்படி எழுதிக் கொடுத்தால் தாலுகா ஆபீசில் விடுவார்களா? 2006-ல் அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கினார்கள்.

அமெரிக்காவில் ஸ்காட் ரூபன் என்ற மயக்க மருந்து டாக்டர். எலும்பு, மூட்டு ஆபரேஷன் செய்தவர்களுக்குப் புதுவகை வலி மாத்திரை கொடுத்தால் வலி மாதக் கணக்கில் தங்காது என்று எழுதி வந்தார். 2009-ல் அவருடைய 21 கட்டுரைகள் பொய்யென்று தெரிந்தது. சிலவற்றில் நோயாளியே கிடையாது. மறு வருஷம் ஜெயிலுக்குப் போனார். அவர் எழுதியதை நம்பி எத்தனை ஊர்களில் மருந்து கொடுத்தார்களோ! அவர் புகழ்ந்த மருந்துகளில் ரோஃபிகாக்சிப் என்பதும் ஒன்று. அது மாரடைப்பைக் கொண்டுவருகிறது என்று 2004-லேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள்.

"அப்போ வலி மாத்திரை எல்லாமே பொய்யா?" என்று கேட்பீர்கள். இல்லை. வலி குறைவது நிஜம். டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஆனால் தினம் ஒன்று என்று மாதக் கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரும், ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பயம் இன்னும் அதிகம். கர்ப்பிணிகள், முக்கியமாக ஐந்து மாதம் ஆனபின், டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் அது பாதிக்கும். பிள்ளையுண்டாகியிருக்கும்போது பல் டாக்டரிடம் போகக் கூடாது என்று மாமியார் சொல்வார். போகலாம், தப்பில்லை. 'இத்தனை மாதம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புகையிலை போடும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. வாய்ப் புற்றைத் தடுக்க மாத்திரை கிடையாது, புகையிலையை விடத்தான் வேண்டும். வாயில் புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால் உடனே காட்டுங்கள். 1954-லிருந்து நடக்கும் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இங்கிருந்து ஒன்றும் தூரமில்லை.

முட்டி வலிக்காரர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வரும்போது சொல்லுங்கள். தேவைப்பட்டவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி சொல்லித் தருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டுக் கொண்டு, இரண்டு பேருமாக வாருங்கள். பாதி கிழிந்த அட்டையானாலும் பரவாயில்லை.