மீனின் உடற்காவலும் மருந்து சுமக்கும் துகளும்



நாம் பேணியில் அடைத்த மீனையெல்லாம் செமன் என்றே அழைத்துப் பழகிவிட்டோம். யான் இங்கே கூறப்போவது நோர்வே நாட்டார் கடலிலே வலைக்கூடுகளில் வளர்க்கும் உண்மையான சமன் மீனைப் பற்றியதாகும். 1987 ஆம் ஆண்டில் அந்நாட்டு மீன் பண்ணைகளில் ஏறக்குறைய 48 தொன் நுண்ணுயிர்க்கொல்லி இடப்பட்டது. அன்றைய சமன் விளைவோ 50,000 தொன் அளவே. இன்று விளைவு 10 இலட்சம் தொன்னைக் கடந்துவிட்டது. மருந்தோ ஆண்டொன்றுக்கு ஒரு தொன்னுக்கும் குறைவு. 1990 களின் தொடக்கத்தில் எண்ணெய் கலந்த தடுப்பூசி வழக்கிற்கு வந்தமையே இதற்குத் தலையாய காரணமாகும்.

ஆயினும் அவ்வெண்ணெய் மீனுக்கு இலேசான சுமையன்று. ஊசி ஏற்றிய வயிற்றறையில் அழற்சி உண்டாகி, உறுப்புக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கருநிறத் தழும்புகள் தோன்றுகின்றன. சில மீன்களில் வளர்ச்சியுங் குன்றுகின்றது. அன்றியும் ஒவ்வொரு மீனையும் பிடித்து, மயக்கி, ஊசி ஏற்றவேண்டும். விலையுயர்ந்த சமனுக்கு இது கட்டுப்படியாகலாம். திலாப்பியாக் குஞ்சுக்குக் கட்டுப்படியாகுமா?

இதனாலேயே தானாகக் கரைந்துபோகும் துகள்களுள் மருந்தைப் பொதிந்து கொடுக்கும் முறையை ஆய்வாளர் நாடினர். இலற்றிக்கமிலமும் கிளைக்கொலிக்கமிலமும் இணைந்த பல்பகுதியம் அவற்றுள் ஒன்று. வைத்தியசாலையிலே காயத்தைத் தைத்தபின் தானே கரையும் நூலும் இவ்வினத்ததே. இறால், நண்டு ஆகியவற்றின் கோதிலிருந்து பெறும் கைற்றோசனும், கபிலநிறக் கடற்பாசியிலிருந்து பெறும் அல்சினேற்றும் ஏனையவை. நாம் குப்பையில் எறியும் கோது இப்பணிக்கு உதவுவது கவனிக்கத்தக்கது.

இத்துகள்களை மீனின் உடல் எவ்வாறு ஏற்கின்றது? மீனுக்கு நம்மைப்போல் என்பு மச்சையும் இல்லை, நிணநீர்க் கணுக்களும் இல்லை. தலைச் சிறுநீரகமும் மண்ணீரலும் தைமசுச் சுரப்பியுமே அதன் காவல் நிலையங்கள். தோல், குடல், பூ எனப்படும் செவுள் ஆகியவற்றின் சளிப்படையிலும் காவல் உண்டு. மிகச் சிறிய துகள்களைத் தின்குழியங்கள் கிருமியென்றே எண்ணி விழுங்கித் தலைச் சிறுநீரகத்திற்கும் மண்ணீரலுக்கும் கொண்டு செல்கின்றன. பெரிய துகள்களோ ஊசியிட்ட இடத்திலே தங்கிச் சிறிது சிறிதாக மருந்தைக் கசியவிடுகின்றன. ஆகவே துகளின் பருமனே விளைவைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. துகள் வெறும் பாத்திரமன்று. அதுவும் உடலைத் தூண்டுகின்றது. குளிர்ந்த நீரில் துகள் கரைவதும் தாமதம், பிறபொருளெதிரி தோன்றுவதும் தாமதம்.

உணவோடு ஊட்டுதலே யாவரும் விரும்பும் வழி. கனடாவிலே 1942 ஆம் ஆண்டிலேயே திரவுற்று மீனுக்குக் கொன்ற பற்றீரியாவை ஊட்டிப் பார்த்தனர். இடையூறு யாதெனில், மருந்து குடலின் பிற்பகுதியை அடையுமுன்னரே செரித்துவிடுகின்றது. திலாப்பியாவிற்கும் கொடுவாவிற்கும் இரைப்பை அமிலம் உண்டு. அவ்வமிலத்திற் கரையாது, குடலிலே மருந்தை விடும் அல்சினேற்று அங்கே உதவும். கெண்டை இனத்து மீன்களாகிய ரோகு, கட்லா என்பவற்றிற்கு இரைப்பையே இல்லை. அங்கே அமிலத்திற்கு அஞ்சவேண்டியதில்லை. செரிமான நொதியங்களுக்கே அஞ்சவேண்டும். எனவே ஒன்றுக்குப் பொருந்திய துகள் மற்றொன்றுக்குப் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. நெடுநாள் இடைவிடாது ஊட்டினால், உடல் மருந்தை உணவாகவே கருதி எதிர்ப்பைக் கைவிடவுங் கூடும்.

இத்துகள்களிற் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுகூடத் தொட்டிகளைத் தாண்டவில்லை. ஆதலால் இவற்றின் பெயரால் எவரேனும் பொடி விற்க வந்தால், எந்த நோய்க்கு, எந்த மீனில், எத்துணை வெப்பமுள்ள நீரில் சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். தக்க தடுப்பு மருந்து கிடைத்து அதனைக் கொடுத்தாலும், அன்றே குஞ்சுகளை நோய் கண்ட குளத்தில் விடாதீர்கள். காவல் எழுவதற்குச் சில வாரங்கள் செல்லும். அதுவரை அவற்றை வேறு தொட்டியிலே வைத்திருங்கள்.