மதுரையா, திருச்சியா? டிக்கெட் போடும் முன் ஒரு கணக்கு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம் குடியிருப்பில் பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில். டிக்கெட் தேடும்போது மதுரை, திருச்சி இரண்டையும் பார்க்கிறோம். கோலாலம்பூர், சிங்கப்பூர் என்றால் பெரும்பாலும் திருச்சிதான் கைகொடுக்கிறது. "பக்கத்து ஊர்தானே" என்று போட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் போட்டேன்.

போன வருடம் என் அக்காவுக்கு, மகள் பிரசவத்துக்காகக் கோலாலம்பூர் போக வேண்டியிருந்தது. விமானம் இரவு 11.30-க்கு. "இரண்டரை மணி நேரம் போதும், அங்கே போய் எதற்குக் காத்துக் கிடக்க வேண்டும்?" என்று நான்தான் சொன்னேன். 7.30-க்குக் கிளம்பினோம். கொட்டாம்பட்டி தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. 40 நிமிடம் போயிற்று. டி.வி.எஸ். டோல்கேட்டில் நெரிசல். உள்ளே நுழைந்தபோது மணி 10.50. கவுண்டரை 10.30-க்கே மூடிவிட்டார்கள்.

அடுத்த டிக்கெட் இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. அக்கா பேத்தியை முதலில் பார்த்தது என் கைபேசியில். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இனி கணக்குக்கு வருகிறேன். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே வானில் நேர்கோட்டில் சுமார் 123 கி.மீ. சாலையில் மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை வழியாக 140 கி.மீ.க்கு மேல் வரும். காரில் சுமார் இரண்டரை மணி நேரம். இது தடங்கல் இல்லாத நாளின் கணக்கு. மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே. நாம் இருப்பதோ வடக்கே, ஒத்தக்கடைப் பக்கம். அதனால் நமக்கு மதுரை நிலையம் சுற்றுச்சாலையில் சுமார் 20 கி.மீ. திருச்சி நிலையம் 120 கி.மீ.க்கு மேல்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். விமானம் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். சாலைக்கு இரண்டரை. பஞ்சர், நெரிசல், சாப்பாட்டுக்கு ஒரு மணி. ஆக ஆறரை மணி நேரம். அன்று நாங்கள் மாலை 5 மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜூலை முதல் திருச்சியில் வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூர் முனையத்துக்கு வருகின்றன. அங்கிருந்து விமான நிலையத்துக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சியில் இறங்கி மதுரையில் வேறு விமானம் ஏறும்படி தனித்தனி டிக்கெட் போடாதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

டிக்கெட்டில் மிச்சம் என்று நினைக்கும்போது கார் வாடகையையும் சுங்கக் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள். வண்டி திரும்பி வருவதற்கும் சேர்த்துத்தான் வாங்குவார்கள்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. திருச்சிக்குப் போகிறவர்கள் தேதியை நம் வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே போட்டால், ஒரே காரில் இரண்டு குடும்பம் போகலாம். நம்பிக்கையான ஓட்டுநர்களின் எண்களைக் காவலாளி அறையில் ஒட்டி வைக்கலாம்.

கிளம்பும் முன் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.